கைத்தறியும் கைக் கியரும்

மனிதன் தன் வேலையை எளிதாக்கிக்கொள்ளவே கருவிகளைப் படைக்கிறான் என்பர். அவ்வாறாயின், எளிதாகிவிட்ட ஒரு வேலையை மீண்டும் கடினமாக்கிக்கொள்வதற்காக ஒருவர் தம் பொருளையும் பொழுதையும் செலவிடுவது ஏன்? இவ்வினா விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் உழைப்பைப் பற்றியும் மனித மாண்பைப் பற்றியும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்று இதனுள் அடங்கியுள்ளது.

பழைய கார்களைப் பேணிக் காப்போரிடையே, சிறப்பாக மேலை நாடுகளில், ஒரு வழக்கம் உண்டு. தானே கியர் மாற்றிக்கொள்ளும் காரை வாங்கி, அந்தத் தானியங்கிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கையால் மாற்றும் கியரைப் பொருத்திக்கொள்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் 1940-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 'ஹைட்ராமாட்டிக்' என்னும் தானியங்கிக் கியரை அளித்தபோது, கிளட்ச் மிதியே இல்லாத கார் என்று அது வியந்து பேசப்பட்டது. 1964-இல் வெளிவந்த ஃபோர்டு மஸ்டாங் கார்களிலும் தானியங்கிக் கியர் கொண்டவை ஏராளம். இன்று அவற்றை வைத்திருப்போருள் சிலர் பழைய கைம்முறைக்குத் திரும்புகின்றனர்.

இது எளிய வேலையன்று. கிளட்சுக்கென ஒரு மிதியைச் சேர்க்கவேண்டும். எஞ்சினின் பின்புறம் இருந்த மெல்லிய தட்டை நீக்கிக் கனமான ஃபிளைவீலையும் கிளட்ச் தட்டையும் பொருத்தவேண்டும். கியர்ப் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பல வேளைகளில் மாற்றவேண்டும். பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டின் நீளத்தைக்கூடச் சில வேளைகளில் திருத்த நேரும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது என்ன? நெரிசலில் இடக்கால் வலிக்கும். மேட்டில் வண்டி பின்னோக்கி நழுவும். ஆனாலும் அவர்கள் மனநிறைவு கொள்கிறார்கள். எஞ்சினின் ஒலியைச் செவி கேட்க, வரப்போகும் ஏற்றத்தைக் கண் அளக்க, காலும் கையும் ஒன்றையொன்று அறிந்து இயங்கும்போது, வண்டியில் செல்பவர் என்னும் நிலை மாறி வண்டியை ஓட்டுபவர் ஆகிவிடுகிறோம் என்பது அவர்தம் எண்ணம். ஸ்டியரிங்கின் அருகே இருந்த கியர்த் தண்டை அசைத்து அம்பாசடர் ஓட்டிய நம் முந்தைய தலைமுறையினருக்கு இது புரியாத செய்தியன்று.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். கைக் கியருக்குத் திரும்பும் இவர்கள், எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பிய காலத்திற்குத் திரும்ப விழைவதில்லை. 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பும் கருவி வந்தது. அதற்கு முன்பு, சுழற்றும்போது எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். அந்த உழைப்பை இழந்ததற்காக வருந்துவார் அரியர். ஆகவே, கையால் செய்வதெல்லாம் உயர்ந்தது என்று இவர்கள் கருதவில்லை. உடலை வருத்தும் வெறுஞ்சுமை ஒன்று உண்டு; அறிவும் புலனும் பயிற்சியும் கூடி ஆளை வளர்க்கும் திறன் ஒன்று உண்டு. முன்னதைப் பொறியிடம் கொடுத்துவிட்டுப் பின்னதை மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். இது நல்ல பகுத்தறிதல் என்றே நாம் கருதுகிறோம்.

இந்தப் பகுத்தறிதலை ஒரு பொழுதுபோக்கின் எல்லையைக் கடந்து, ஓர் ஊரின் வாழ்வோடு பொருத்திப் பார்க்க நமக்கு வாய்த்த இடம் காஞ்சிபுரம். அம்மாவட்டத்தில் பொறியும் கையும் அருகருகே நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பெற்றது. அவற்றிலிருந்து சில கல் தொலைவில், கோயில் கோபுரங்களின் நிழலில், குழித்தறியில் கால் தொங்கவிட்டு அமர்ந்து பட்டு நெய்கிறார்கள்.

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் தனித்தனி ஊடை நூலால் நெய்யப்பட்டு, ஒவ்வோர் இழையிலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இதற்கு நாடா மூன்று வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் இரண்டு. ஒரே நாடா ஓரத்திலிருந்து ஓரம்வரை ஓடும் சாதாரண விசைத்தறியில் இவ்வாறு நெய்வது அரிது. இழை பிசகாமல் இணைகிறதா என்று பார்க்கும் கண்ணும், இழுவிசையின் அளவை அறியும் விரலும் இங்கே தேவை. காரோட்டி எஞ்சினின் ஒலியைக் கேட்பதுபோல நெசவாளர் தறியின் ஒலியைக் கேட்கிறார். ஆளை வளர்க்கும் திறன் என்று நாம் கூறியது இதுவே.

ஆனால் அதே தறியில் வெறுஞ்சுமையும் உண்டு. கரைக்கும் முந்திக்கும் உரிய கோலத்தை எழுப்பும் ஜக்கார்டுப் பெட்டியைக் காலால் மிதித்துத் தூக்கவேண்டும். நாள் முழுதும் மிதித்தால் முழங்காலும் இடுப்பும் தேயும். அந்தப் பாரத்தைத் தூக்க மின்மோட்டார் பொருத்தும் முறை இப்போது வந்துள்ளது. இதனால் கைத்தறியின் தூய்மை கெடும் என்று வாதிடுவோர் உளர். விற்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும் என்பது நேர்மை, அதில் ஐயமில்லை. ஆயின், கார் பிரியர் கைப்பிடியை விட்டு மின்கருவியால் எஞ்சினைக் கிளப்பலாம், நெசவாளர் மட்டும் தம் இடுப்பைத் தேய்த்துக்கொள்ளவேண்டும் என்று சொல்வது எந்த நீதி?

இன்னும் கசப்பான உண்மை ஒன்று உண்டு. கோர்வைக்கு இருவர் வேண்டும். நெசவாளருக்குத் துணையாக ஒரு பக்கத்து நாடாவை எறிபவர் ஒருவர். நெடுங்காலம் அந்த இரண்டாவது கை பல தறிகளில் ஒரு சிறுவனின் கையாகவோ சிறுமியின் கையாகவோ இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் கட்டுண்டு கிடந்தனர். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. அதன் பிறகும் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அரசும் தொண்டர்களும் எடுத்த முயற்சியால் பிள்ளைகள் பலர் பள்ளிக்குத் திரும்பினர். அந்நாள்களில் கடையில் விரிக்கப்பட்ட புடவையின் அழகில் மயங்கிக் 'கையால் நெய்தது' என்று போற்றியோர், எந்தக் கை என்று கேட்டனரா?

இங்கேதான் காரும் தறியும் வேறுபடுகின்றன. கைக் கியரை விரும்புபவர் தம் கையையே பயன்படுத்துகிறார். வலிப்பதும் அவர் காலே. மகிழ்வதும் அவர் உள்ளமே. சலித்துவிட்டால் வண்டியை நிறுத்திவிட்டுப் போகலாம். கைத்தறியைப் போற்றும் நாமோ பிறருடைய கையைப் போற்றுகிறோம். அழகு நமக்கு, அயர்வு அவர்க்கு. ஆகவே நம் விருப்பம் எவ்வளவு உயர்ந்ததாயினும், அதன் விலையை வேறொருவர் செலுத்தும்வரை அது அறமாகாது.

இது புதிய சிக்கலன்று. ஜக்கார்டு என்பவர் 1804-இல் தம் கருவியை உருவாக்கிய பிரான்சு நாட்டு இலியோன் நகரில், 1831-இல் பட்டு நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் கேட்டது நெய்த துணிக்கு உறுதியான கூலி விகிதம். உலகம் வியந்த பட்டை நெய்தவர்கள், வயிறார உண்ணும் கூலிக்காகத் தெருவில் இறங்கவேண்டியிருந்தது.

திருச்சபை இதில் தெளிவான வழி காட்டியுள்ளது. புனித இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வழங்கிய 'இலபோரெம் எக்சர்சென்ஸ்' என்னும் சுற்றுமடல், உழைப்பின் மதிப்பை விளைந்த பொருளைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது, உழைப்பவர் மனிதர் என்பதைக் கொண்டே முதலில் அளக்கவேண்டும் என்று கற்பிக்கிறது. புடவை எவ்வளவு அரியதாயினும், அதை நெய்தவர் அதைவிட அரியவர். விடுதலைப் பயண நூலில், ஆண்டவர் தம் ஆவியால் பெட்சலேலை நிரப்பிக் கைத்திறனை அளித்தார் எனக் காண்கிறோம். நெசவும் அத்திறன்களுள் ஒன்றாகவே அங்குப் பேசப்படுகிறது. கைத்திறன் இறைவனின் கொடையெனில், அக்கொடையைப் பெற்றவரைப் பட்டினியிடுவது கொடுத்தவரையே இகழ்வதன்றோ? கூலியைப் பிடித்துவைப்போரை யாக்கோபு எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்பதையும் நாம் அறிவோம்.

ஆண்டவர் இயேசு அணிந்திருந்த உள்ளாடை தையலின்றி மேலிருந்து ஒரே துணியாக நெய்யப்பட்டது என்று யோவான் நற்செய்தி குறிக்கிறது. கல்வாரியில் படைவீரர்கூட அதைக் கிழிக்க மனமின்றிச் சீட்டுக் குலுக்கினர். துணியின் அருமை அவர்களுக்குத் தெரிந்தது. அதை அணிந்திருந்தவரின் அருமை தெரியவில்லை. பொருளைப் போற்றி ஆளை மறக்கும் இக்குற்றம் நம்மிடமும் நேரலாம்.

'தறியில் இருந்தவர் பிள்ளைகள் ஆலைக்குப் போய்விட்டால் இக்கலை அழிந்துவிடாதா?' என்று சிலர் கவலைப்படுகின்றனர். அக்கவலை நியாயமானதே. ஆயினும் நம் கண்ணுக்கு விருந்தாகவேண்டும் என்பதற்காக எந்த இளைஞனும் தறியில் இருக்கக் கடமைப்பட்டவன் அல்லன். வேறு வேலையை விரும்பி அவன் ஒரகடம் போனால் அது அவனது உரிமை. நெசவை விரும்பியும் கூலி போதாமையால் போனால் அது நம் குற்றம். விட்டுச்செல்லும் உரிமையும் நிலைத்திருக்க ஏற்ற ஊதியமும் இருந்தால்தான், கைக் கியரை விரும்பி ஏற்றவரின் மகிழ்ச்சி தறியில் இருப்பவர்க்கும் கிட்டும்.

நாம் செய்யக்கூடியவை எளியவையே. நம் வீடுகளில் திருமணத்திற்குப் பட்டெடுக்கும்போது, கைத்தறிதானா, கோர்வைதானா என்று கேட்போம். காஞ்சிப் பட்டுக்கு 2005 முதல் புவிசார் குறியீடு உண்டு. 2006 முதல் கைத்தறி முத்திரை உண்டு. அவற்றைத் தேடுவோம். நெசவாளரின் கூட்டுறவுச் சங்கங்களில் வாங்குவோம். விசைத்தறித் துணியை விசைத்தறித் துணி என்றே சொல்லி விற்பவரை மதிப்போம். அதை நெய்பவரும் உழைப்பாளியே. தையல்காரரிடமும் தச்சரிடமும் பத்து ரூபாய் குறைக்க வாதாடும் வழக்கத்தைக் கைவிடுவோம். மே முதல் நாளில் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவைக் கொண்டாடும் நம் பங்குகளில், அன்று ஒரு நெசவாளரை அழைத்துப் பேசச் செய்து, அவருடைய கூலியும் குறையும் என்ன என்று கேட்டறிவோம்.

எந்தச் சுமையைப் பொறியிடம் விடுவது, எந்தத் திறனைக் கையில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை உழைப்பவருக்கே உரியது. அவர் கைத்திறனைத் தேர்ந்துகொண்டால், அதற்குரிய முழு விலையைக் கொடுப்பது அதை விரும்பும் நம் கடமை.