கை மாறிய இடம்

லேஸ் பின்னுகிறவர்களிடம் போய் "தப்பாகிவிட்டது" என்று சொன்னால் யாரும் "அடடா" என்பதில்லை. "எத்தனை ஜோடி இருக்கிறது?" என்று கேட்பார்கள். எண்ணிச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: "எந்தக் குண்டூசி வரை சரியாக இருந்தது?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் மழுப்பாமல் பதில் சொல்லப் பழகவே எனக்கு ஓராண்டு ஆனது.

நான் இருப்பது இங்கிலாந்தில், பெட்ஃபோர்டு பக்கம். பிழைக்க வந்த ஊர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஊர்ப் பொதுக்கூடம் ஒன்றில் பதினைந்து பேர் கூடுகிறோம். பாதிப்பேர் பணி ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் பேருந்து ஓட்டியவர். ஒருத்தி கல்லூரியில் படிக்கிற பெண். கூட்டத்துக்கு மூத்தவர் எண்பதைத் தாண்டிய பள்ளி ஆசிரியை. ஆளுக்கொரு தலையணை. பழைய ஆட்களுடையது வைக்கோலை இறுக்கித் திணித்தது, என்னுடையது தெர்மோகோல். அதன்மேல் துளையிட்ட மாதிரி அட்டை, அட்டைத் துளைகளில் குண்டூசிகள், குண்டூசிகளிலிருந்து தொங்கும் நூல்கள், ஒவ்வொரு நூலின் முனையிலும் ஒரு பாபின். தையல் மெஷினில் போடுகிற பாபின் இல்லை. நாலு அங்குல நீள மெல்லிய குச்சி. மரத்திலோ எலும்பிலோ கடைந்தது. இந்தப் பகுதியில் அதன் நுனியில் பாசிமணிகளைக் கம்பியில் வளையமாகக் கோத்துவிடுவார்கள். குச்சி உருண்டு போகாமல் இருக்க அந்தக் கனம் வேண்டும். பதினைந்து பேரும் வேலையில் மூழ்கிவிட்டால் கூடத்தில் பேச்சு நின்று மணிச்சத்தம் மட்டும் கேட்கும்.

இந்தக் கலையில் இருப்பது இரண்டே அசைவுகள். நாலு குச்சிகளைக் கையில் எடுத்து, இரண்டாவதை மூன்றாவதன்மேல் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின்மேல் போட்டால் முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று போனால் துணி போல அடர்த்தியாக வரும். ஒரு முறுக்கைக் கூட்டினாலோ கடைசிக் குறுக்கை விட்டாலோ வலையாகத் திறக்கும். எத்தனை பெரிய பூவேலையும் இந்த இரண்டுக்குள்தான் அடக்கம். கேட்க எளிது. அறுபது குச்சிகள் தொங்கும்போது எங்கோ ஒரு முறுக்கு விட்டுப்போகும். அது விட்டுப்போன இடத்தில் கண்ணுக்குத் தெரியாது. பத்துப் பதினைந்து ஊசி தள்ளி, வரிசை முடிகிற இடத்தில், ஒரு ஜோடி குறைகிறபோதுதான் தெரியவரும்.

முதல் முறை அப்படி ஆனபோது நான் பிழை தெரிந்த இடத்திலேயே அதைச் சரிக்கட்டப் பார்த்தேன். பக்கத்திலிருந்து ஒரு ஜோடியை இழுத்து ஒப்பேற்றினேன். அலுவலகத்திலும் வீட்டிலும் இதே வித்தையில்தான் நான் பாதி வாழ்க்கையை ஓட்டியிருக்கிறேன். அடுத்தவர் கண்ணில் படாமல் இருந்தால் போதும். ஆசிரியை வந்து பார்த்தார். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். மேலே ஒரு ஊசியைப் பார்வையாலேயே காட்டி, "அதுவரை பிரி" என்றார். ஒரு மணி நேர வேலை. பிரிப்பதும் அதே இரண்டு அசைவுகள்தான், முன்பின்னாக. பின்னிய அளவு நேரம் பிரிக்கவும் ஆகும். இங்கே அதற்கு விளையாட்டாகத் 'தலைகீழ் லேஸ்' என்று பெயர். அதைச் செய்யாதவர் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை.

கைகளை ஏன் பின்னால் கட்டிக்கொண்டார் என்று பிறகு கேட்டேன். அடுத்தவர் தலையணையில் கைவைப்பதில்லை என்பது இங்கே எழுதாத சட்டமாம். ஒருவர் நூலை இழுக்கிற இழுப்பு இன்னொருவருக்கு வராது. ஒரு அங்குலம் பின்னிக் கொடுத்தாலும் அந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும். "நான் செய்து கொடுத்தால் உனக்கு லேஸ் கிடைக்கும். லேஸ் போடத் தெரியாது" என்றார். அவ்வளவு சொல்லிவிட்டு அவர் என் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நான் பிரித்து முடிக்கிற வரை, தன் வேலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஒரு மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் உதவி என்றால் எனக்குத் தெரிந்தது கைமாற்று. நூறு ரூபாயோ ஆழாக்கு அரிசியோ, இன்று வாங்கி நாளை கொடுப்பது. இங்கே வாங்கியதை யாரிடம் திருப்புவது? அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. நூல் தீர்ந்தால் ஒருவர் தருகிறார். அட்டையில் துளை குத்தும் பக்குவத்தை இன்னொருவர் காட்டுகிறார். முதல் துண்டை முடித்தபோது ஆளுக்கொரு மணியாகக் கொடுத்து என் குச்சி ஒன்றுக்கு வளையம் கோத்துத் தந்தார்கள். ஏன் இப்படித் தாராளமாக இருக்கிறார்கள்?

முதலில் எனக்குத் தோன்றிய பதில் கொஞ்சம் கசப்பானது. இதில் இனிக் காசில்லை, அதனால்தான். காசு இருந்த காலத்தில் லேஸ் இப்படி இருக்கவில்லை. 1665இல் பிரெஞ்சு அமைச்சர் கோல்பேர், வெளிநாட்டு லேஸுக்குப் போகிற பணத்தைத் தடுக்க, வெனிசிலிருந்து கைதேர்ந்தவர்களை வரவழைத்துத் தன் நாட்டில் லேஸ் தொழிலை நிறுவினார். வெனிஸ் அரசு தன் தொழில் பறிபோவதைப் பார்த்துக் கொதித்தது. நான் இருக்கிற இந்தப் பகுதியிலும் கதை இனிப்பாக இல்லை. அருகே ஓல்னி என்ற சிற்றூர். அங்கே வாழ்ந்த கவிஞர் வில்லியம் கூப்பர், ஊரில் லேஸ் பின்னுகிறவர்கள் ஏறக்குறைய 1,200 பேர் என்றும், அவர்களில் நூற்றுக்கணக்கானோர் பட்டினியின் விளிம்பில் இருக்கிறார்கள் என்றும் 1780இல் கடிதம் எழுதினார். நூலை விற்பவரும் லேஸை வாங்குபவரும் ஒரே வியாபாரியாக இருப்பார். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை லேஸ் பள்ளியில் விடுவார்கள். பள்ளி என்று பெயர், நடந்தது வேலை. பிறகு 1809இல் ஜான் ஹீத்கோட் வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1816இல் லஃப்பரோவில் இயந்திர எதிர்ப்பாளர்கள் அவர் ஆலைக்குள் புகுந்து இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். இயந்திரம் நிற்கவில்லை, கைலேஸ்தான் மெல்ல நின்றது. 1976இல் லேஸ் கில்டு என்ற சங்கம் இங்கே தொடங்கியபோது, கைலேஸ் பிழைப்பாக இருந்த காலம் எப்போதோ முடிந்திருந்தது. பசி போன இடத்தில் பெருந்தன்மை வந்து உட்காருவது அதிசயமா என்ன?

ஆனால் அந்தப் பதிலில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. காரணம் ஒரு மெழுகுவத்தி. அந்தப் பழைய காலத்தில், குளிர்கால மாலைகளில், பெண்கள் ஒரே அறையில் கூடிப் பின்னுவார்கள். நடுவில் முக்காலி, அதில் ஒரே மெழுகுவத்தி. சுற்றிலும் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகள். சுடரின் ஒளி குடுவைக்குள் குவிந்து ஒவ்வொருத்தி தலையணையிலும் காசளவு வெளிச்சமாக விழும். நுணுக்கமான வேலை செய்கிறவள் முன்வரிசையில், மற்றவர்கள் பின்னால். ஆளுக்கொரு மெழுகுவத்திக்கு வழியில்லாதவர்கள்தான் ஒரு வெளிச்சத்தை அப்படிப் பங்கு போட்டார்கள்.

இனி என் பாட்டிக்கு வருகிறேன். லேஸ் எனக்கு இங்கிலாந்தில் கிடைத்த பொழுதுபோக்கு என்று சொன்னால் பாதிதான் உண்மை. நாகர்கோவிலில் எங்கள் திண்ணையில் பாட்டி கூலிக்கு லேஸ் பின்னியவள். திருவிதாங்கூராக இருந்த அந்த மண்ணுக்கு, லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் 1820களின் தொடக்கத்தில் லேஸைக் கொண்டுவந்தார். அவர் நடத்திய பள்ளியில் படித்த பெண்களில் அடிமைக் குடும்பங்களில் பிறந்தவர்களும் இருந்தார்கள். லேஸில் வந்த காசைச் சேர்த்து, விலை கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. மால்ட் தம்பதியின் மகள் எலைசா, மிஷனரி கால்டுவெல்லை மணந்து போன இடையன்குடியிலும் அதே லேஸைக் கற்றுக்கொடுத்தார். இந்த வரலாறெல்லாம் நான் பிறகு படித்தது. பாட்டி சொன்னதில்லை. பாட்டி சொன்னது ஒன்றே ஒன்று. ஏழெட்டு வயதில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குச்சியைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டாள். "கண்ணு போற சோலி இது. உனக்கு வேண்டாம் மக்ளே. நீ போய்ப் படி."

அதனால், என் வீட்டுத் திண்ணையில் இருந்த ஒரு கலையை, அதன் பழைய நாட்டுக்கு வந்து, யார் எவரென்று தெரியாதவர்களிடம், ஐம்பதை நெருங்கும் வயதில் கற்கிறேன். நெடுநாள் இதை ஒரு குறையாகவே நினைத்திருந்தேன். ஊரார் பிள்ளைக்கு அந்த ஆசிரியை கொடுத்ததைச் சொந்தப் பேத்திக்கு நீ கொடுக்கவில்லையே பாட்டி.

போன முறை ஊருக்குப் போனபோது அம்மா பெட்டியிலிருந்து ஒரு துண்டு லேஸை எடுத்துக் கொடுத்தாள். பாட்டி செய்தது. ஒரு முழ நீளம், இரண்டு விரல் அகலம், ஓரத்தில் சின்னப் பூவரிசை. பெருமையோடு அதைக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். கையிலிருந்து கைக்குப் போயிற்று. ஆசிரியை மட்டும் திருப்பிப்போட்டு, பூதக்கண்ணாடியை எடுத்து, நடுவில் ஒரு இடத்தில் விரலை வைத்து நின்றுவிட்டார்.

"இது இரண்டு பேர் செய்தது" என்றார்.

பார்க்கச் சொல்லிக் காட்டினார். ஒரு ஓரத்திலிருந்து பாதிவரை இழுப்பு இறுக்கம். பிறகு நாலு விரற்கடை தூரம் கொஞ்சம் தளர்வு; பூக்கள் வயிறு பருத்திருந்தன. பிறகு மறுபடியும் பழைய இறுக்கம். "களைத்துப் போனால் ஒருவர் இழுப்பே மாறும். ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாக மாறும். இது ஒரே ஊசியில் மாறுகிறது. நடுவில் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்."

இரவு அம்மாவை அழைத்துக் கேட்டேன்.

"அது எடுக்காமத் திருப்பி விட்ட லேஸுல்லா" என்றாள் அம்மா. "உங்க மாமா பொறந்த சமயம்."

"யாரும்மா கூட இருந்து பின்னுனது?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்கு அப்ப நாலு வயசு."

மீதியை நானே கோத்துக்கொண்டேன். கெடுத் தேதி நெருங்கியிருக்கும். பாட்டிக்கு இடுப்பு வலி கண்டிருக்கும். பக்கத்துத் திண்ணைக்காரி ஒருத்தி, தன் தலையணையை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள். துண்டுக்குக் கூலி வாங்குகிறவளுக்கு அந்த நாலு விரற்கடை என்பது தன் கூலியில் நாலு விரற்கடை. எழுந்து உட்கார முடிந்த பிறகு பாட்டி மிச்சத்தை முடித்திருப்பாள். வாங்குகிறவர் சீராக இல்லை என்று திருப்பிவிட்டார். ஆக, கை மாறிய இடம் தெரிந்ததால் இருவர் உழைப்பும் வீண். என் ஊகம்தான் இது. ஆனால் நூல் சொல்வதற்கு மாறாக இதில் ஒன்றுமில்லை.

அடுத்தவர் தலையணையில் கைவைக்காதே என்கிற எங்கள் கூடத்துச் சட்டம் நல்ல சட்டம். கற்கிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆனால் அது நேரம் இருக்கிறவர்களின் சட்டம். பிரித்துப் பின்ன இன்னொரு சனிக்கிழமை இருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள முடியும். நாளைக்கு லேஸ் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்கிறபோது, தன் கை தெரியும் என்று தெரிந்தே உட்கார்ந்து பின்னுவதுதான் உதவி. எனக்கு இங்கே கிடைத்தது முதல் வகை. பாட்டிக்குக் கிடைத்தது இரண்டாவது. காசு போன பிறகுதான் தாராளம் வந்தது என்ற என் பழைய கணக்கு அந்த நாலு விரற்கடையில் பொய்த்துப் போனது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. குச்சியைத் தொட்ட என் கையைத் தட்டிவிட்டது. தான் கடந்துவந்த வழியில் பேத்தி கால் வைக்காமல் பார்த்துக்கொண்டது. கற்றுக்கொடுக்காததையும் ஒரு கொடையாக எண்ண எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. எந்த நேரத்தில் எந்த உதவி என்று அறிவதுதான் கடினம். கைகட்டி நிற்க வேண்டிய இடத்தில் நான் புகுந்து செய்து கொடுத்திருக்கிறேன், என் மகனுக்கு. புகுந்து செய்ய வேண்டிய இடத்தில் அறிவுரை சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன், என் தங்கைக்கு. இரண்டிலும் பிழை நடந்த இடம் ஒன்று, தெரிந்த இடம் வேறு.

இரண்டு நாள் கழித்து அம்மாவே கூப்பிட்டாள். ஒன்று ஞாபகம் வந்ததாம். எடுக்காமல் திரும்பி வந்த லேஸையெல்லாம் பாட்டி வெட்டி, தலையணை உறைக்கும் பெண்பிள்ளைகளின் பாவாடை ஓரத்துக்கும் தைத்துவிடுவாளாம். வீடு முழுக்கக் கழிந்துபோன லேஸ்தானாம். அந்தத் துண்டை மட்டும் கத்தரி தொட விட்டதில்லை. கல்யாணப் புடவை மடிப்புக்குள் வைத்திருந்தாளாம். ஒருமுறை அம்மா தன் பாவாடைக்குக் கேட்டிருக்கிறாள்.

"அது எனக்க லேஸ் இல்ல, மக்ளே" என்று சொல்லி, வாங்கித் திரும்ப மடித்து வைத்துவிட்டாளாம்.