சக்கையும் பிசினும்: முதற்காரணம் பற்றிய ஓர் ஆய்வு

கரும்புச் சக்கையையும் பழைய மரத்தைச் சீவிய துகளையும் பிசினோடு கலந்து, சூட்டில் அழுத்திச் செய்யப்படும் துகள்பலகை, செய்யப்படும் பொருள் தன் மூலத்தில் முன்னரே இருந்ததா என்னும் பழைய தத்துவ வினாவை மீண்டும் எழுப்புகிறது. முன்பு இல்லாததே புதிதாகத் தோன்றுகிறது என்பது நியாய வைசேடிகர் கொள்கை. சைவ சித்தாந்திகளோ, காரியம் காரணத்துள் நுண்ணிலையில் உள்ளது என்னும் சற்காரியவாதத்தை ஏற்பதோடு, குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என மூன்றாக வகுத்தும் காட்டுவர்.

இக்கொள்கைப்படி சக்கையில் பலகை மட்டுமன்று, நெருப்பும் இருக்கிறது. பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி போன்ற வெல்லம் காய்ச்சும் ஊர்களில், பிழிந்த சக்கையைக் களத்தில் பரப்பி உலர்த்தி, அக்கரும்பின் சாறு கொதிக்கும் கொப்பரையின் அடுப்புக்கே இடுவர்; பாகு பதத்துக்கு வரும்வரை அடுப்புவாயில் இருப்பவர் சக்கையைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் 1984 முதல் சக்கையிலிருந்து தாள் செய்துவரும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமும், சர்க்கரை ஆலைகளிடம் சக்கை பெறுவதற்கு ஈடாக நீராவியோ எரிபொருளோ தரும் ஏற்பாட்டைச் செய்துகொண்டது. ஆகவே சக்கையை யாருக்கும் வேண்டாத பொருளாகக் கருதித் தொடங்கும் எந்தக் கணக்கும் பிழையானது.

இதனினும் கடினமானது பிசினின் இடம். குடம் முடிந்ததும் சக்கரம் விலகிவிடுகிறது. உலர்ந்த துகளின் எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு வரை சேர்க்கப்படும் யூரியா பார்மால்டிஹைடு பிசினோ பலகையைவிட்டு நீங்குவதில்லை. எனவே அதைத் துணைக்காரணமாக எண்ணி ஒதுக்க முடியாது. அதுவும் முதற்காரணத்தின் ஒரு கூறே. ஈரமும் வெப்பமும் படும்போது அப்பிசினிலிருந்து மெல்ல வெளிப்படும் பார்மால்டிஹைடு ஆவியைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதென வகைப்படுத்தியது. பழைய மரத்தில் ஈய வண்ணம் பூசப்பட்டிருந்தால் அதுவும் அவ்வாறே பலகைக்குள் புகும்.

நச்சுப் பொருளாலும் நன்மை விளையலாமே என்று கேட்கத் தோன்றும். பழனி மலைக்கோயில் மூலவரைச் சித்தரான போகர் நவபாடாணங்களால், அதாவது ஒன்பது நச்சுச் சரக்குகளால், வடித்தார் என்பது வழிவழி நம்பிக்கை. சித்த மருத்துவத்தில் ‘கட்டு’ எனப்படுவது, தீயில் ஆவியாகி ஓடும் சரக்கை ஓடாமல் நிலைநிறுத்தும் செய்முறையாகும். நஞ்சு மருந்தாகும் என்று சித்தர் மரபு கூறுவது, அவ்வாறு கட்டிய பிறகே. கலந்துவிட்டதனாலேயே நஞ்சு அகலும் என்று அம்மரபு கருதவில்லை. பிசினில் உள்ள நஞ்சோ கட்டப்படாதது. சற்காரியவாதத்தை நேர்மையாக ஏற்பவர், மூலத்தில் உள்ள நன்மை பலகையில் விளங்குகிறது என்று மகிழும் அதே வாயால், மூலத்தில் உள்ள தீங்கும் அங்கே தொடர்கிறது என்று ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டவர்.

சக்கையிலேயே அடங்கியுள்ள, தாவர நார்களை ஒட்டி நிறுத்தும் லிக்னின் என்னும் பொருளை நீராவியாலும் அழுத்தத்தாலும் இளகச் செய்து, வேறு பிசின் சேர்க்காமலே பலகையாக்கும் முறையும் உண்டு. அங்கே சூடும் அழுத்தமும் குயவனின் சக்கரம்போல் வேலை முடிந்ததும் விலகிவிடுகின்றன. ஆயினும் அப்பலகை பொதுவாக ஈரத்தை அவ்வளவாகத் தாங்காததால், பிசின் கலந்த பலகையின் இடத்தை அது இன்னும் பிடிக்கவில்லை.