இடித்துவிட்டால் கடன் தீருமா?

போன மாதம் எங்கள் இளைஞர் பிரிவுக் கலந்துரையாடலில் நிலக்கரி மின்நிலையங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "எல்லாத்தையும் மூடி இடிச்சிட்டா பிரச்சினை முடிஞ்சிரும்ல, அண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் உறுத்தியது.

சென்னைக்கு வடக்கே எண்ணூரில் ஓர் அனல்மின் நிலையம் இருந்தது. 1970 முதல் 1975 வரை ஐந்து அலகுகளாக எழுந்து, 450 மெகாவாட் திறன் பெற்றது. இயந்திரங்கள் பழசாகிப்போக, 2017 மார்ச் 31-ல் மூடினார்கள். பிறகு பிரித்து இடிக்கும் வேலை தொடங்கியது.

இரும்பை விற்றுவிடலாம். சாம்பலை என்ன செய்வது? இந்திய நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான். அந்த வட்டாரத்து அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழிமுகத்தில் படிந்து மீன்பிடித் தொழில் கெட்டுப்போச்சு என்று எண்ணூர் மீனவர்கள் பல வருஷமாக முறையிடுகிறார்கள். புகைபோக்கியை இடிக்கலாம், ஆற்றில் படிந்ததை இடிக்க முடியாது.

அப்படியென்றால் கட்டினவங்க பாவிகளா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்த மின்சாரத்தில் எத்தனையோ பிள்ளைகள் படித்திருப்பார்கள், எத்தனையோ ஆஸ்பத்திரிகள் நடந்திருக்கும். அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் வெளிச்சம் ஓர் ஊருக்கு, சாம்பல் இன்னோர் ஊருக்கு என்றால் அது கடன். "நான்தான் பில் கட்டிட்டேனே" என்று தப்பிக்க முடியாது. மீனவரின் இழப்பு அந்தப் பில்லில் ஏறவே இல்லையே!

சமய வகுப்பில் சிவபெருமானின் ஐந்தொழில்களைப் படித்திருப்போம்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். இறைவனே அழித்தலோடு நிறுத்தவில்லை. நாமோ இடித்த கையோடு கைகழுவிவிடுகிறோம்.

இது தமிழ்நாட்டுக் கதை மட்டுமில்லை. நம்ம ஜொகூரில், பொந்தியான் மாவட்டத்தில் தஞ்சோங் பின் நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. 2006, 2007-ல் 2,100 மெகாவாட், 2016-ல் இன்னும் 1,000 மெகாவாட். பக்கத்திலேயே சுங்கை பூலாய் சதுப்புநிலக் காடு. 2003 முதல் ராம்சார் பட்டியலில் உள்ள இடம். இனிப் புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று நம் அரசாங்கம் 2021-ல் அறிவித்தது. தஞ்சோங் பின்னுக்கும் ஒரு நாள் மூடுவிழா வரும். அதே நேரத்தில் தரவு மையங்கள் ஜொகூரில் பெருகிக்கொண்டே போகின்றன. நாம் ராத்திரி பூராவும் பார்க்கும் வீடியோவுக்கும் எங்கேயோ ஏதோ எரிகிறது.

நான் படிப்பது பொறியியல். நாளைக்கு எந்த நிலையத்தில் வேலை கிடைத்தாலும், சூரிய மின்தகடு வைக்கும் வேலையாகவே இருந்தாலும், ஒரு கேள்வியை முதல் நாளே கேட்க வேண்டும்: இதன் ஆயுள் முடியும்போது இடத்தைச் சுத்தம் செய்யவும், அங்கே வேலை செய்தவர்களையும் பக்கத்தில் வாழ்ந்தவர்களையும் கவனிக்கவும் இப்போதே பணம் எடுத்து வைத்திருக்கிறார்களா? லாபம் வரும் காலத்தில் எடுத்து வைக்காத பணம், மூடும் காலத்தில் எங்கிருந்து வரும்?

அந்தத் தம்பியை அடுத்த கூட்டத்தில் பார்ப்பேன். அன்றைக்கு நான் சொன்னது பாதிப் பதில்தான் என்று சொல்லப்போகிறேன். மூட வேண்டியதை மூடத்தான் வேணும், தம்பி. ஆனா கடனைக் கட்டுற வேலை அதுக்கப்புறமும் இருக்கு.