மோஸ்தார் பாலத்தின் ஈயம்

வளைவுப் பாலத்தில் ஒவ்வொரு கல்லும் விழத்தான் பார்க்கிறது. பக்கத்துக் கல் விடுவதில்லை. இப்படி ஒன்றையொன்று நெருக்கியபடியே பாரம் முழுக்க இரு கரைகளுக்கும் இறங்கிவிடுகிறது. உச்சியில் கடைசிக் கல் அமரும்வரை இந்த நெருக்கம் கிடையாது. அதுவரை கீழே கட்டிய சாரம்தான் சுமக்க வேண்டும்.

*

போஸ்னியாவின் மோஸ்தார் நகரில், நெரெட்வா ஆற்றின் மேல் நின்ற பாலம் ஒட்டோமன் சுல்தான் சுலைமான் காலத்தது. கட்டடக் கலைஞர் சினானின் மாணவர் மிமார் ஹைருதீன் கட்டினார், 1566இல் முடிந்தது. கரைக்குக் கரை ஒரே வளைவு, ஏறக்குறைய 29 மீட்டர். போஸ்னியப் போரின்போது, 1993 நவம்பர் 9 அன்று, போஸ்னியக் குரோவாசியப் படையின் பீரங்கிகள் அதை ஆற்றில் வீழ்த்தின. 427 வருஷம் நின்ற பாலம்.

*

1997இல் ஹங்கேரி ராணுவ முக்குளிப்பாளர்கள் கற்களை வெளியே எடுத்தார்கள். பெரும்பாலானவை மறுபடி பாரம் தாங்கும் நிலையில் இல்லை. பாலத்தை மீண்டும் கட்ட, ஊருக்குப் பக்கத்துக் கல்குவாரியிலிருந்து அதே ரகச் சுண்ணாம்புக் கல்லைப் புதிதாக வெட்டினார்கள். தெனெலியா என்பார்கள்: வெளிர்நிறம், உளிக்கு எளிதில் இணங்கும். சிதைந்த கல்லை ஒட்டுப்போட்டுத் திணிக்காமல் விட்டது சரி என்றே எனக்குப் படுகிறது.

*

நான் திரும்பத் திரும்ப நினைப்பது, கற்களைப் பிணைக்க ஈயம் ஊற்றுகிற வேலையைத்தான்.

அடுத்தடுத்த கற்களை இரும்புப் பட்டையால் பிணைப்பது எளிது. பள்ளம் மேலே திறந்திருக்கும், ஊற்றுவது கண்ணுக்குத் தெரியும். மேல்கல்லையும் கீழ்க்கல்லையும் இணைக்கும் இரும்பு முளைதான் கடினம். மேல்கல்லைத் தலைகீழாகப் போட்டு, அதன் குழியில் முளையை ஈயத்தால் பதிக்க வேண்டும். ஆறியதும் கல்லைப் புரட்டி, முளை கீழ்க்கல்லின் குழிக்குள் போகும்படி இறக்க வேண்டும். பிறகு கீழ்க்கல்லில் முன்பே வெட்டி வைத்த சிறு வாய்க்கால் வழியாக உருக்கிய ஈயத்தை ஓட விடுவார்கள். அது குழியைச் சுற்றி நிறைந்ததா, பாதியில் உறைந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்க வழியில்லை. நிறைந்தால் காற்றும் ஈரமும் இரும்பைத் தொடாது, துரு ஏறாது. குறைந்தால், துரு வீங்கிக் கல்லையே பிளக்கலாம். அது தெரியவர எத்தனையோ காலம் ஆகும். ஊற்றியவர் அதைப் பார்க்கப் போவதில்லை.

ஹைருதீனின் ஆட்கள் இப்படித்தான் ஊற்றினார்கள். அவர்களுக்கு யாரும் சாட்சி இல்லை.

*

பழைய வளைவு துல்லியமானது அல்ல. வடிவத்தில் கொஞ்சம் கோணல் இருந்தது. மீண்டும் கட்டியவர்கள் அதைத் திருத்தவில்லை. பழைய அளவுகளைப் பார்த்து அந்தக் கோணலையும் கல்லுக்குக் கல் வெட்டினார்கள். இந்தப் பணிவு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

*

2004 ஜூலை 23 அன்று பாலம் திறந்தது. மறுவருஷம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. போரில் பிளந்த ஊரையே பாலம் ஒன்றாக்கிவிட்டது என்று எழுதுகிறார்கள். அந்த வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பாலம் திறந்து பல வருஷம் கழித்தும், அந்நகரின் பழைய உயர்நிலைப் பள்ளியில் குரோவாசியப் பிள்ளைகளும் போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்) பிள்ளைகளும் ஒரே கட்டடத்தில் வேறுவேறு பாடத்திட்டம்தான் படித்தார்கள்.