ஏகாந்தமும் சிநேகமும்

ஏகாந்தத்தில்தான் ஈசுவர தியானம் சித்திக்கும் என்பார்கள். அப்படியானால், சனி ஞாயிறு இரு நாளும் சிநேகிதருடன் கிராமத்துக்குப் போய்வருவது வெறும் உல்லாசந்தானா? சாரல் காலத்தில், குற்றாலத்தை அடுத்த இலஞ்சியின் வயல்வரப்பில், நண்டு வளையில் கால் இடறாதபடி முன்செல்லும் நண்பர் மிதித்த இடத்திலேயே அடிவைத்து, பேச்சின்றி நடந்தபோதும், பின்னர் நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்றான குற்றாலச் சித்திரசபையின் சுவரோவியங்கள்முன் இருவரும் மௌனமாக நின்றபோதும், 'நான்' என்னும் அகங்காரம் தானே தணிவதை உணர்ந்தேன். வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், நேரில் கண்டறியாத பிசிராந்தையாருக்குத் தன் அருகே இடம் ஒதுக்கச் சொன்னானே! உயிர் துறக்கும் தவத்திலும் நட்புக்கு இடமிருந்தது. அகந்தையைக் கரைப்பதே பக்தியின் பிரயோஜனம் என்றால், நல்ல நட்பும் அதற்கொரு சாதனமே. அன்பர்கள் அதற்கென வருஷத்தில் இரண்டு நாளாவது ஒதுக்க வேண்டும்.