முதல்வர் நாற்காலியை வேண்டாமென்றவர்

கொருக்குப்பேட்டைக்குப் பக்கத்தில், பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் தியாகராயா கல்லூரிக்கும், தொலைவில் இருக்கும் தி.நகருக்கும் பெயர் தந்தவர் ஒருவரே: பிட்டி தியாகராயர். 1852இல் பிறந்தவர், 1882இல் சென்னை மாநகராட்சி உறுப்பினரானார். நாற்பது ஆண்டுகள் அங்கேயே உழைத்தார். 1920 தேர்தலில் அவருடைய நீதிக்கட்சி வென்றபோது ஆளுநர் வில்லிங்டன் ஆட்சியமைக்க அழைத்தது அவரைத்தான். மறுத்துவிட்டு, கட்சியின் சுப்பராயலு ரெட்டியாரை முன்னிறுத்தினார். மாநகராட்சித் தலைவர் பொறுப்பே அவருக்குப் போதுமாக இருந்தது.

அந்தப் பொறுப்பில் அவர் செய்த ஒன்றை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் பசியோடு படிக்க முடியாமல் தவித்தார்கள். தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு மதிய உணவு தர 1920 செப்டம்பரில் மாமன்றம் ஒப்புக்கொண்டது. பிள்ளைகள் வந்தார்கள். மேலும் நான்கு பள்ளிகளிலும் அடுப்பு எரிந்தது. 1925இல் அரசு அந்தச் செலவுக்குத் தடை போட்டது. தியாகராயர் இறந்ததும் அதே ஆண்டுதான். மதிய உணவை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோக, 1950களில் காமராசர் வர வேண்டியிருந்தது.