யாரை ஞானத்தாயாகக் கேட்பது?

தங்கை மகள் நான்காம் படிவம் படிக்கிறாள். அவளுக்கு இந்த ஆண்டு உறுதிபூசுதல். மறைக்கல்வி வகுப்பு முடிந்து பீடோர் கடைத்தெருவில் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு நின்றபோது, "மாமா, ஞானத்தாயா யாரைக் கேட்கலாம்?" என்றாள். நான் வாயைத் திறக்கும் முன்பே கைப்பேசியை நீட்டினாள். அதில் ஒரு பெண்மணி செபித்துக்கொண்டிருந்தார். நல்ல குரல், தெளிவான தமிழ். "இவங்க மாதிரி ஒருத்தங்க கிடைச்சா நல்லா இருக்கும்" என்றாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவளைவிட மூன்று மடங்கு வயதான பிறகும் நான் குரலைக் கேட்டுத்தான் ஆளைத் தேர்ந்தெடுத்தேன்.

வேலைக்காக ஈப்போவுக்குப் போய்வந்த ஆண்டுகளில் காரில் ரவி சகரியாஸின் உரைகள் ஓடிக்கொண்டே இருக்கும். சென்னையில் பிறந்தவர். உலகமெங்கும் பல்கலைக்கழக மேடைகளில் விசுவாசத்துக்காக வாதாடியவர். நான் கத்தோலிக்கன், அவர் வேறு சபை. ஆனாலும் மனம் தடுமாறிய நாள்களில் அவர் பேச்சுதான் தெம்பு. 2020 மே மாதம் அவர் இறந்தபோது சொந்தக்காரர் போனதுபோல் அழுதேன். 2021 பிப்ரவரியில், அவருடைய நிறுவனமே வழக்கறிஞர்களை அமர்த்தி விசாரித்த அறிக்கை வெளிவந்தது. மசாஜ் நிலையப் பெண்களிடம் அவர் பல ஆண்டுகள் பாலியல் தவறுகள் செய்திருந்தார். எங்கள் திருச்சபைக்கும் இந்தத் துயரம் புதிதல்ல. மனவளர்ச்சி குன்றியவர்களோடு சேர்ந்து வாழும் லார்ஷ் இல்லங்களை 1964-இல் தொடங்கிய ழான் வனியேவைப் பலர் புனிதராகவே நினைத்திருந்தார்கள். ஆன்ம வழிகாட்டுதல் என்ற பெயரில் அவர் ஆறு பெண்களைத் தவறாகப் பயன்படுத்தியதை, 2020 பிப்ரவரியில் அந்த அமைப்பே வெளியிட்டது.

சகரியாஸ் பற்றிய அறிக்கையைப் படித்த இரவு நான் முதலில் என் ஏமாற்றத்தைத்தான் நினைத்தேன். அந்தப் பெண்களை நினைக்கவில்லை. இன்றும் அதற்காக வெட்கப்படுகிறேன். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மேடை மட்டுமே. கோபம் வந்தால் எப்படி இருப்பார், தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் எப்படிப் பேசுவார், எதுவும் தெரியாது. தன்னைப் பார்த்து நடக்கும்படி கொரிந்து மக்களுக்குப் பவுல் எழுதினார் என்றால், அந்த ஊரில் ஒன்றரை ஆண்டு தங்கி, கூடாரம் தைத்துப் பிழைத்து, அவர்கள் கண் முன்னால் வாழ்ந்துவிட்டுத்தான் எழுதினார். அவர்கள் பவுலின் கைக் காய்ப்பைப் பார்த்தவர்கள்.

பேச்சால் அல்ல, வாழ்ந்த விதத்தால் அறியப்பட்ட ஒருவரைக் காட்ட, பள்ளி விடுமுறையில் மருமகளைப் பாப்பானுக்கு அழைத்துப் போனேன். ஈயம் எடுத்த காலத்தில் செழித்திருந்த ஊர், இப்போது பாதிக் கடைவீடுகளில் மரம் முளைத்திருக்கிறது. அங்கே 74-ஆம் எண் வீட்டில்தான் சிபில் கார்த்திகேசு மருந்தகம் நடத்தினார். மருத்துவத் தாதி, கத்தோலிக்கர். கணவர் டாக்டர் கார்த்திகேசுவுக்கு ஈப்போவில் கிளினிக். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது குடும்பம் பாப்பானுக்கு மாறியது. பகலில் ஊர்க்காரர்களுக்கு வைத்தியம். இரவில் காட்டிலிருந்து வரும் போராளிகளின் குண்டுக் காயங்களுக்கு மருந்து. வானொலி வைத்திருந்தாலே தலை போகும் காலத்தில், ஒளித்துவைத்த வானொலியில் வெளிநாட்டுச் செய்தி கேட்டார்.

1943-இல் ஜப்பானிய இராணுவப் போலீஸான கெம்பெத்தாய் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. பெயர்களைச் சொல்லவைக்க, சின்ன மகள் டோனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள். அப்போதும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பிள்ளை உயிர் பிழைத்தது. தாய் போர் முடியும்வரை பத்து காஜா சிறையில் கிடந்தார். சிகிச்சைக்கு பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948 ஜூனில் அங்கேயே இறந்தார். சித்திரவதையில் தாடையில் பட்ட காயம் கடைசிவரை ஆறவில்லை. அடுத்த ஆண்டு உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து, செயின்ட் மைக்கல் தேவாலயத்தை ஒட்டிய கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

மருமகள் அந்த 74-ஆம் எண் வீட்டு வாசலில் ரொம்ப நேரம் நின்றாள். "ராத்திரி கதவைத் தட்டினப்போ, திறக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது, இல்ல மாமா?" என்றாள். எனக்கு அந்தக் கேள்வி போதும். யாருக்கும் தெரியாத நேரத்தில் ஒருவர் என்ன செய்தார் என்று பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

திரும்பும் வழியில் ஞானத்தாய்க்குத் திருச்சபைச் சட்டம் என்ன கேட்கிறது என்று சொன்னேன். பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும். பெற்ற தாயாகவோ தகப்பனாகவோ இருக்கக் கூடாது. உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றவராக, விசுவாசத்துக்கு ஏற்ப வாழ்கிறவராக இருக்க வேண்டும். படிப்பு, பேச்சு, பதவி எதையும் கேட்கவில்லை. "அப்போ நம்ம ஆயா?" என்றாள். நான் காரைக் கொஞ்சம் மெதுவாக்கினேன்.

ஆயா எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டுக்கு முன்னால் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பால்வெட்டப் போவார்கள். கையில் அகப்பை இருந்தால் எங்கள் முதுகில் ஒன்று விழும், கோபக்காரர். குடிகாரன் வீட்டுப் பிள்ளை ஒன்று பாலில்லாமல் அழும். ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசெடுத்து, பால் டின் வாங்க என்னைக் கடைக்கு அனுப்புவார். "யார்கிட்டயும் மூச்சு விடாதே." அந்தத் தாயிடம், ஆபீசில் கொடுத்தார்கள் என்று சொல்லிவிடுவார். எத்தனை மாதம் இப்படி நடந்ததென்று எண்ணவில்லை. தோட்டம் கைமாறி லயங்கள் இடிபட்டு எல்லாரும் தாமான் வீடுகளுக்கு வந்த பிறகும் நான் மூச்சு விடவில்லை. அன்றைக்குக் காரில்தான் முதல்முறை சொன்னேன்.

ஞாயிறு பூசை முடிந்து ஆயா வீட்டுக்குப் போனோம். எண்பதை நெருங்குகிறார். மருமகள் விஷயத்தைச் சொன்னதும், "எழுத்து தெரியாதவளைப் போய்க் கேட்கிறியே, நல்ல ஆளாப் பாரும்மா" என்றார். கோப்பி கலக்கப் போனவர் கொஞ்ச நேரம் திரும்பவே இல்லை. வந்தபோது கையில் துருப்பிடித்த பிஸ்கட் டின். செபமாலை, அடையாள அட்டைப் பை, செத்துப்போன கணவரின் படம் என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, அடியிலிருந்து நான்காக மடித்த தாளை உருவினார். அவருடைய உறுதிபூசுதல் சான்றிதழ். எழுத்து தெரியாவிட்டாலும் எந்தத் தாள் எதுவென்று அவருக்குத் தெரியும்.

"இது இருந்தா போதுமான்னு சாமியார்கிட்ட காட்டு" என்று மருமகளிடம் கொடுத்துவிட்டு, "எத்தனை மணிக்குப் பூசை?" என்றார்.